முழங்காலுக்கு ஒரு கவசம்: கிர்கெனெஸ் பயணக் குறிப்பு

நோர்வே நாட்டின் வடகிழக்கு மூலையில், ரஷ்ய எல்லையிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது கிர்கெனெஸ் என்ற சிறிய பட்டினம். ஒஸ்லோவிலிருந்து விமானத்தில் இரண்டு மணித்தியாலப் பயணம். வீதிப் பெயர்ப் பலகைகளில் நோர்வே மொழியோடு ரஷ்ய மொழியும் இருக்கும். இந்தப் பகுதிக்குப் பின்மார்க் என்று பெயர். 1980களில் எங்கள் ஊரவர் பலர் பின்மார்க் கரையோரக் கிராமங்களுக்கு மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். என் தங்கையின் கணவரும் அப்படி வந்தவர்தான். மீன் வெட்டி, பெட்டி தூக்கி, பிறகு கிர்கெனெசில் வேறு வேலை கிடைத்து அங்கேயே குடியிருந்துவிட்டார்கள்.

2024 பங்குனி மாதம் நான் அவர்களிடம் போனேன். மார்கழியில் சூரியன் தலைகாட்டாத ஊர் அது. பங்குனியில் பகல் நீண்டுவிடும், ஆனால் பனி அப்படியே கிடக்கும். ஏரிகள் கல்லாக உறைந்திருக்கும். அந்தக் காலத்தில் அங்குள்ளவர்கள் ஸ்னோமொபைலில் ஏறி மலைக்குப் போய், உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள். நோர்வேயில் அதை ஸ்கூட்டர் என்றே சொல்கிறார்கள். முன்னுக்கு இரண்டு சறுக்குப் பலகை, பின்னுக்குச் சுழலும் அகன்ற ரப்பர் பட்டி, மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல் கைபிடி. நிறை 200 முதல் 300 கிலோ வரை வரும். நினைத்த இடமெல்லாம் ஓட முடியாது. 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அடையாளக் கம்பு நாட்டிய பாதைகளில் மட்டுந்தான் பொழுதுபோக்குக்கு ஓடலாம். ஓட்டுபவருக்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். ஆனால் முழங்காலுக்குக் கவசம் போடச் சொல்லி ஒரு சட்டமும் இல்லை. அதை அவரவரே யோசித்துக்கொள்ள வேண்டும்.

"பெரியம்மா, நீங்களும் ஏரிக்கு வரவேணும்" என்று தங்கையின் மகன் வந்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு ஆசைதான். ஆனால் என் வலது முழங்காலில் 2009இல் செல் துண்டு பட்டது. எலும்பு பொருந்திவிட்டது, நடக்கிறேன், மாடிப்படி இறங்கும்போது மட்டும் கடுக்கும். ஊரில் என் வீட்டு அடுப்பு எரிவது காலால் மிதிக்கும் தையல் மெசினால். அந்தக் கால் மறுபடி விழுந்தால் மெசினும் நின்றுவிடும். வெளிக்கிட முன் டொக்டரிடம் காட்டியபோது, "மடக்கலாம், நடக்கலாம். அடி படக்கூடாது, முறுகக்கூடாது" என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அடி வேறு, முறுகல் வேறு. கவசம் வாங்கப்போகும் எவரும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். ஸ்னோமொபைலில் முழங்கால் இரண்டும் மெசினின் பக்கத்துப் பிளாஸ்டிக்கை ஒட்டியே இருக்கும். பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது முழங்கால் கைபிடியின் அடிப்பக்கத்திலோ பக்கச் சுவரிலோ மோதும். விழுந்தால் இறுகிய பனியில் முதலில் குத்துவதும் முழங்கால்தான். இது அடி. மெசின் சரிய, பாதம் கால் வைக்கும் தட்டில் மாட்டிக்கொள்ள, உடம்பு மறுபக்கம் திரும்பினால் மூட்டுக்குள்ளே இருக்கும் இணைப்பு நார்கள் அறுந்துபோகலாம். இது முறுகல். அடிக்கு ஒரு கவசம், முறுகலுக்கு இன்னொன்று.

பட்டினத்தில் ஸ்னோமொபைல் பொருட்கள் விற்கும் கடைக்குத் தங்கையோடு போனேன். கடைக்காரப் பெண் பொறுமையாக மேசையில் எடுத்துப் பரப்பினாள். தங்கை மொழிபெயர்த்தாள்.

முதலாவது, மெத்தென்ற நுரைப் பட்டை. மலிவு, இலேசு, குளிர்கால உடுப்புக்குள் தெரியாது. முழந்தாளிட்டு ஓடுபவர்களுக்கு இது இதம். கூர்மையான கல்லிலோ மரக்குற்றியிலோ மோதினால் போதாது.

இரண்டாவது, வெளியே கடினமான பிளாஸ்டிக் ஓடும் உள்ளே நுரையும் உள்ளது. முழங்கால் சில்லை மூடி, கணைக்கால் முன்பக்கம் வரை இறங்கும். ஓடு அடியை ஒரே இடத்தில் விடாமல் பரப்பிவிடும், நுரை அதை உறிஞ்சும்.

மூன்றாவது, இரண்டு பக்கமும் பிணைச்சல் வைத்த மூட்டுச் சட்டம். கதவுப் பிணைச்சல்போல ஒரே திசையில் மட்டும் மடங்கும். முழங்கால் பின்னோக்கி வளைவதையும் பக்கவாட்டில் சாய்வதையும் கட்டுப்படுத்தும், முறுகலையும் ஓரளவு குறைக்கும். மற்றவற்றைவிடப் பல மடங்கு விலை. தொடையும் கணைக்காலும் அளந்து சரியாகப் பொருத்தாவிட்டால் பயனில்லை.

மென்பட்டைகள், ஓடுகள் சிலவற்றில் சிறிய துணிச்சீட்டு தைத்திருந்தது. அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் படமும் ஈஎன் 1621-1 என்ற எழுத்தும் இருக்கும். இது ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் கை, கால் கவசங்களுக்கான தரம். ஸ்னோமொபைல் ஓட்டுபவர்களும் இதையே பார்த்து வாங்குகிறார்கள். சோதனையில் 50 ஜூல் சக்தியோடு ஒரு பாரம் கவசத்தின்மேல் விழும். 5 கிலோ நிறையை ஏறக்குறைய 1 மீற்றர் உயரத்திலிருந்து விடுவது போல. கவசத்தைத் தாண்டி உள்ளே போகும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேற்படாவிட்டால் அது முதலாம் நிலை. 20க்கு மேற்படாவிட்டால் இரண்டாம் நிலை. ஆக, இரண்டாம் நிலைதான் கூடுதல் பாதுகாப்பு.

குளிர் தேசத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில மென்மையான நுரைகள் குளிரில் விறைத்துவிடும். வீட்டுக்குள் பஞ்சுபோல் இருப்பது வெளியே பலகைபோல் ஆகும். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் வைத்தும் சோதித்துத் தேறியதென்றால் சீட்டில் 'டி' எழுத்தும் கழித்தல் குறியும் இருக்கும். நான் அந்தக் குறியைத் தேடிப் பார்த்தேன்.

மூட்டுச் சட்டம் என் கண்ணை இழுத்தது. என்னுடையது பழைய காயம் என்று தங்கை சொன்னதும் கடைக்காரப் பெண் அதை ஒதுக்கி வைத்தாள். காயம்பட்ட மூட்டுக்குச் சட்டம் பூட்டுவதை மருத்துவரோ இயன்மருத்துவரோதான் தீர்மானிக்க வேண்டும் என்றாள். வியாபாரி ஒருவர் விலை கூடிய பொருளை வேண்டாமென்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியானால் முறுகலுக்கு என்ன செய்வது? அதற்குத் தங்கையின் கணவர் வழி சொன்னார். "மச்சாள், நீங்கள் ஓட்டவேண்டாம். எனக்குப் பின்னாலே இருங்கோ. தட்டையான ஏரிப் பாதையாலே மெதுவாப் போவம். மலைச்சரிவுப் பக்கம் திரும்பமாட்டன்." கவசம் செய்ய முடியாததைப் பாதையும் வேகமும் செய்யும். அடிக்குக் கடின ஓட்டுக் கவசம், முறுகலுக்கு நிதானம் என்று முடிவு செய்தேன்.

பிறகு அளவு. ஆண்களுக்கென்று செய்த நடு அளவு என் காலில் சுழன்றது. முழங்கால் சில்லின் நடுவிலிருந்து ஒரு சாண் மேலே தொடையையும், கீழே கணைக்கால் சதையையும் அளந்து, பெண்களுக்கான சிறிய அளவைத் தந்தாள். கடையிலேயே பத்து நிமிடம் பூட்டிக்கொண்டு குந்தினேன், முழந்தாளிட்டேன், கதிரையில் கால் அகட்டி இருந்தேன். எழும்பும்போது ஓட்டின் குழி முழங்கால் சில்லின் மேலேயே நிற்க வேண்டும், கீழே இறங்கக்கூடாது. பட்டிக்கும் காலுக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். இறுக்கிக் கட்டினால் இரத்தவோட்டம் குறையும், அந்தக் குளிரில் கால்விரல்கள் முதலில் விறைக்கும். கணைக்கால் ஓட்டின் நுனி சப்பாத்தின் விளிம்பில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆகவே சப்பாத்தையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

கவசம் போடும் ஒழுங்கும் உண்டு. முதலில் கம்பளி உள்ளுடை. பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரவைக்கும். அதன்மேல் கவசம். அதன்மேல் காற்றுப் புகாத காற்சட்டை. கவசத்தை வெளியே கட்டினால் ஒட்டும் பட்டிகளில் பனி அடைந்து கழன்றுவிடும். நாங்கள் போன நாள் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை. காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் முகத்தில் அடித்தால், அந்தக் குளிர் உடம்புக்குக் கீழே 27 பாகைபோல் இருக்கும். மெசினில் இருக்கும்போது முழங்கால் அந்தக் காற்றுக்கு நேரே நிற்கிறது. அடிக்காகப் போட்ட கவசம் குளிரையும் மறித்தது.

வழியில் ஒரு சாமி இனத்தவர் எங்களைக் கடந்து போனார். கலைமான் மேய்க்கும் ஆதிக்குடிகள் அவர்கள். ஒரு காலைத் தட்டில் ஊன்றி, மற்ற முழங்காலை இருக்கையில் மடித்து ஊன்றி, நிமிர்ந்து தூரம் பார்த்தபடி ஓட்டினார். அவர்களுக்கு ஸ்னோமொபைல் விளையாட்டல்ல, தொழில். 1960களில் இந்த வடபகுதிகளுக்கு வந்த மெசின், மேய்ச்சல் முறையையே மாற்றிவிட்டது. நாளெல்லாம் முழங்காலில் நிற்பவருக்கு மெத்தென்ற பட்டை ஏன் வேண்டும் என்பது அவரைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

ஏரியில் இறங்கும்போது பாதையோரத்து இளகிய பனியில் என் இடது கால் தொடைவரை புதைந்தது. வலது முழங்கால் மெசினின் உலோகத் தட்டில் "டக்" என்று மோதியது. தங்கை பதறி ஓடிவந்தாள். ஓட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஓடும்போது ஒன்றும் நடக்கவில்லை, ஏறி இறங்கும்போதுதான் நடந்தது. மெசின் நின்றவுடன் கவசத்தைக் கழற்றாதீர்கள் என்று அதனால்தான் சொல்கிறார்கள்.

அடுத்த நாள் பட்டினத்துக்குள் இருக்கும் ஆண்டர்ஸ்குரோத்தா என்ற பதுங்குகுழியைப் பார்க்கப் போனோம். இரண்டாம் உலகப் போரில் கிர்கெனெஸ் 300க்கும் மேற்பட்ட விமானத் தாக்குதல்களைக் கண்டது. 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜேர்மன் படை பின்மார்க் வீடுகளை எரித்தது. பக்கத்து பியோர்னெவாத்ன் சுரங்கத்துக்குள் ஏறக்குறைய 3,500 பேர் தஞ்சமிருந்தார்கள். அங்கே பத்துக் குழந்தைகள் பிறந்தன. படிகளில் மெதுவாக இறங்கி அந்த ஈரச் சுவரைத் தொட்டபோது எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எரிந்த இடத்திலேயே திரும்ப வீடு கட்டியவர்கள் இந்த ஊரார். அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஏரியில் மீன் பிடிக்கிறார்கள்.

தோழியரே, எங்கள் ஊரில் பனி இல்லை. ஆனால் முழங்காலை நம்பி வாழும் பெண்கள் நிறைய. முழந்தாளிட்டுக் கண்ணிவெடி அகற்றுகிறோம், வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குகிறோம், ஸ்கூட்டியில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிறவல் ரோட்டில் போகிறோம். பலருக்கு உள்ளே பழைய காயமும் இருக்கிறது. கவசம் வாங்க வசதி கிடைத்தால், அடிக்கா முறுகலுக்கா என்று முதலில் கேளுங்கள். பூட்டிக் குந்திப் பாருங்கள். பழைய காயமென்றால் மருத்துவரைக் கேட்டபின் வாங்குங்கள். நுரை நசிந்து பழைய உருவத்துக்கு வராவிட்டால், ஓடு வெடித்திருந்தால், மாற்றிவிடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் வாங்கிய பிறகு மிச்சமிருந்தால் தனக்கு வாங்குவது எங்கள் வழக்கம். முழங்கால் விஷயத்தில் அந்த வரிசையை மாற்றுவோம். வீட்டைத் தூக்கி நிறுத்துவது அந்தக் கால்கள்தான்.