தொலைபேசியில் சொன்ன விலையும் கையில் வந்த பில்லும்



விடுமுறைக்குத் தம்புள்ளை, சீகிரியா பக்கம் ஹோட்டலில் தங்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு நடந்ததைத்தான் எழுதுகிறோம்.

எங்கள் பாடசாலையில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்த டீச்சர் ஒருவர் ஓய்வு பெற்றார். மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவதை விட, அவரையும் குடும்பத்தையும் ஓர் இரவு நல்ல இடத்தில் தங்க வைப்போம் என்று ஆசிரியர் அறையில் முடிவெடுத்தோம். மாத்தளையிலேயே வாழ்ந்தும் அந்தப் பெரிய ஹோட்டல்களை வீதியில் நின்று பார்த்ததோடு சரி, எங்களில் அநேகர்.

120,000 ரூபா சேர்ந்தது. வேனுக்கு 15,000, அன்பளிப்புக்கு 9,000. தொலைபேசியில் கேட்டபோது இராச் சாப்பாடு, காலைச் சாப்பாட்டோடு ஓர் அறை 24,000 என்றார்கள். நான்கு அறைக்கு 96,000. கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியதில் எங்களுக்குப் பெருமை வேறு.

காலையில் புறப்படும்போது வந்த பில் 129,000.

முதலில் யாரோ கூட்டிப் பிழைத்துவிட்டார்கள் என்றே நினைத்தோம். கணிதம் படிப்பிக்கும் சேர் ஃபோனை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். பிழை இல்லை. 96,000க்கு 10 வீதம் சேவைக் கட்டணம், 105,600 ஆகிறது. அதன் மேல் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதம். அதன் மேல் சுற்றுலா அபிவிருத்தி வரி 1 வீதம். எல்லாவற்றுக்கும் மேலே வற் வரி 18 வீதம். வீதங்களைத் தனியே கூட்டினால் 31.5தான் வரும். ஒன்றின் தலையில் ஒன்று ஏறியதால் 34 வீதத்தைத் தாண்டிவிட்டது.

சம்பளத்துக்கு இன்னும் நான்கு நாள். எல்லோரும் பேர்ஸைத் துழாவியதில் 21,000 சேர்ந்தது. மற்ற 12,000க்கு என்ன செய்வது என்று கவுண்டருக்கு முன்னால் குசுகுசுத்துக்கொண்டிருந்தோம். டீச்சர் கண்டுவிட்டார்.

“அதுக்கு ஏன் இப்படி முழிக்கிறீங்க? என்ட கையில இருக்குது” என்று ஹேண்ட்பேக்கைத் திறந்தார்.

யாருக்காகப் போனோமோ அவரிடமே காசு வாங்கிக் கட்டினோம். வேனில் நாலந்த தாண்டும் வரை ஒருவரும் பேசவில்லை.

கோபத்தில் ஹோட்டல்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம். ஆனால் அங்கே பைகளைத் தூக்கி வந்த தம்பி எங்கள் பழைய மாணவன். அவன் மெதுவாகச் சொன்னான்: “சேர், எங்கட அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான். சேர்விஸ் சார்ஜ்லதான் மாசம் ஓடுது.” அந்த 10 வீதம் அரசாங்கத்துக்குப் போகும் வரி அல்ல, ஊழியர்களுக்குப் பகிர்வதற்கு அறவிடுவது. அதைக் குறைக்கச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

வற் வரிக்கும் காரணம் இருக்கிறது. 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8க்கு இறக்கினார்கள். நாடு வங்குரோத்தான பிறகு 2022இல் முதலில் 12, பிறகு 15, 2024 ஜனவரியிலிருந்து 18. உதவுதொகை வரியும் 2022 ஒக்டோபரில் வந்ததுதான். அதுவும் சுற்றுலா வரியும் நிறுவனத்தின் புரள்வின் மீது விதிக்கப்படுபவை. ஆனாலும் பில்லில் அவை நம் பக்கமே வந்து நிற்கின்றன.

இது இங்கே மட்டுமுள்ள வழக்கமும் அல்ல. டுபாயில் 2014 முதல் ‘டூரிஸம் திர்ஹம்’ என்று ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை தனியாக வாங்குகிறார்கள். ‘டைம்ஷெயார்’ என்று ரிசோர்ட்டில் வருடத்துக்கு ஒரு கிழமையை விலைக்கு வாங்கியவர்களும் தப்பவில்லை. அறைக் காசை எப்போதோ கட்டியிருந்தாலும் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் வரும்.

ஆகவே வரி கட்டச் சொன்னது எங்கள் முறைப்பாடு அல்ல. 24,000 என்று சொன்ன வாய்க்கு 32,250 என்று சொல்ல ஏன் முடியவில்லை? விலை இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தில் வியாபாரத்தின் அடிப்படை. மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. “எல்லாம் சேர்த்துக் கடைசியில் எவ்வளவு?” என்று கேளுங்கள், பதிலை வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். சீகிரியாப் பக்கம் வீட்டோடு சேர்ந்த சிறிய தங்குமிடங்கள் பல வற் வரிக்குப் பதியப்படாதவை. 2024இல் பதிவு எல்லையை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாவாகக் குறைத்தபோதும் அவ்வளவு வியாபாரம் அவர்களுக்கு இல்லை. பதியாதவர் வற் அறவிட முடியாது. சந்தேகமென்றால் பில்லில் 7000 என்று முடியும் வற் பதிவு இலக்கத்தைத் தேடுங்கள். முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இருக்கிறது.

சம்பளம் வந்த அன்றே 12,000 ரூபாவை உறையில் போட்டு டீச்சர் வீட்டுக்குக் கொண்டு போனோம். தேநீரும் வட்டிலப்பமும் தந்தார், உறையைத் தொடவில்லை. இரண்டாம் தடவை அவரது மகளிடம் கொடுத்தோம். மறுநாள் காலையில் அது பாடசாலைக் காவலாளியின் கையில் திரும்பி வந்தது. இப்போது ஆசிரியர் அறை அலுமாரியில் கிடக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு இன்னொரு முறை போய்ப் பார்க்கப் போகிறோம்.