கண் சிவந்த போட்டோவை டிலீட் பண்ணாதீங்க

1/ வீட்ல சின்னக் குழந்தையும் கையில கேமராவும் இருக்கிறவங்களுக்கு ஒரு த்ரெட். நான் அரசு மருத்துவமனை டாக்டர். லீவு நாள்ல போட்டோ எடுக்கிறது பழக்கம். அதுல நான் கோட்டை விட்ட ஒரு விஷயம் இது.

2/ கேமராவோடயே வர்ற ஃப்ளாஷ்ல எடுத்தா முகம் வெளுக்கும், பின்சுவத்துல நிழல் விழும், கண் சிவக்கும். அது பிடிக்காம ஒரு எக்ஸ்டர்னல் ஃப்ளாஷ் வாங்கினேன். கேமரா மேல மாட்டி, அதோட தலையை வெள்ளைக் கூரைப் பக்கம் திருப்பினா போதும். கூரையே பெரிய விளக்கு மாதிரி ஆகிடும். நிழல் கரையும். கண்ணும் சிவக்காது.

3/ கண் ஏன் சிவக்குது? கேமரா ஃப்ளாஷ் லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. வெளிச்சம் கண்மணி வழியா நேரா உள்ளே போய், விழித்திரைப் பக்கம் இருக்கிற ரத்த நாளங்கள்ல பட்டு, வந்த வழியே திரும்புது. கூரையில மோதி வர்ற வெளிச்சத்துக்கு அந்த நேர்வழி இல்லை. அந்தச் சிவப்பு உண்மையில நல்ல சேதி. பச்சைக் குழந்தை கண்ணுல லைட் அடிச்சு நாங்க தேடுறதும் அதைத்தான்.

4/ அக்கா பொண்ணுக்கு முதல் பிறந்தநாள். 200 படம் எடுத்தேன். எல்லாமே கூரை வெளிச்சம். "டேய், ஸ்டுடியோக்காரன் தோத்தான்டா"ன்னா அக்கா. அன்னைக்கு ராத்திரி மாமாவோட தம்பி ஃபோன்ல நேர் ஃப்ளாஷ் போட்டு எடுத்த ரெண்டு படத்தை அனுப்பினார். ரெண்டுலயும் வலது கண் சிவப்பு. இடது கண் வெள்ளை.

5/ ரெட்டினோபிளாஸ்டோமா. பெரும்பாலும் 5 வயசுக்குள்ள வர்ற கண் புற்றுநோய். மனசு அங்கேதான் போச்சு. தூங்கல. மறுநாளே கண் டாக்டர்கிட்ட ஓடினோம். கட்டி இல்லை, கண்புரை. ஆபரேஷன் முடிஞ்சு இப்போ கண்ணாடி போட்டிருக்கா. தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணை மூடி, மத்த கண்ணைப் பார்க்கப் பழக்குறோம். அவ அழுவா. அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒட்டுவா.

6/ என் 200 படத்தையும் திரும்பப் பார்த்தேன். எல்லாத்துலயும் ரெண்டு கண்ணும் அழகா கறுப்பா இருக்கு.

7/ எக்ஸ்டர்னல் ஃப்ளாஷைத் தூக்கிப் போடச் சொல்லல. அதோட அப்பப்போ ஒரு படம் இப்படியும் எடுங்க: மங்கலான அறை, குழந்தை நேரா கேமராவைப் பார்க்கணும், நேர் ஃப்ளாஷ். ரெட்-ஐ ரிடக்‌ஷனை ஆஃப் பண்ணிடுங்க.

8/ ஒரு கண் வெள்ளையாவோ மஞ்சளாவோ தெரிஞ்சா உடனே பதறாதீங்க. குழந்தை ஓரமா பார்த்தா, பார்வை நரம்பு தொடங்குற இடத்துல வெளிச்சம் பட்டும் வெள்ளையா தெரியலாம். ஆனா அதை நீங்களே முடிவு பண்ணாதீங்க, கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. படத்துல சிவப்பா இருந்தாலும், மாறுகண் மாதிரி தெரிஞ்சா காட்டணும். போட்டோ ஒருநாளும் பரிசோதனை ஆகாது.

9/ "சே, கண் சிவந்துடுச்சு"ன்னு டிலீட் பண்றதுக்கு முன்னாடி, ஒரு தடவை பெருசாக்கி ரெண்டு கண்ணையும் பாருங்க. அவ்வளவுதான்.