வார்ஹேமர் நாவல்கள்: எங்கிருந்து தொடங்குவது?

"நைட் டூட்டி கேப்ல என்ன சார் படிக்கிறீங்க?" என்றார் எங்கள் ஹவுஸ் சர்ஜன் தம்பி.

"வார்ஹேமர் 40,000."

"அதுல நூத்துக்கணக்குல புக் இருக்காமே, எதுல சார் ஆரம்பிக்கிறது?"

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இது 1987ல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு. சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவார்கள். காலம், இன்றிலிருந்து சுமார் 38 ஆயிரம் ஆண்டுகள் கழித்து. அந்த உலகத்துக் கதைகளை நாவலாகப் போடுவது அவர்களுடைய பிளாக் லைப்ரரி.

நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். "ஆதியிலிருந்து படிப்போம்" என்று ஹோரஸ் ஹெரசி வரிசையை எடுத்தேன். 2006ல் தொடங்கியது, மொத்தம் 54 புத்தகங்கள். அதற்கு மேல் முடிவுப் போருக்குத் தனி வரிசை வேறு. முதல் மூன்றும் அருமை. ஆறாவதில் மூச்சு வாங்கியது. முடிக்காத குற்ற உணர்ச்சியில் ஒரு வருஷம் எதையுமே தொடவில்லை.

கேஷுவாலிட்டியில் வந்த வரிசைப்படியா பார்க்கிறோம்? யாருக்கு இப்போ எது தேவையோ அதைத்தானே முதலில் பார்க்கிறோம்? புத்தகமும் அப்படித்தான்.

துப்பறியும் கதை பிடிக்குமா? டான் ஆப்னெட்டின் ஐசன்ஹார்ன் நாவல்கள். முதல் நூல் ஸீனோஸ், 2001. விளையாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சிரிக்கணுமா? சாண்டி மிட்செலின் சியாஃபஸ் கெய்ன். ஊரே மாவீரன் என்று கொண்டாடும் அதிகாரி, "நான் பயந்தாங்கொள்ளிங்க" என்று எழுதிவைத்த நினைவுக் குறிப்பு.

சாதாரணச் சிப்பாய்களின் கதை வேணுமா? ஆப்னெட்டின் காண்ட்ஸ் கோஸ்ட்ஸ். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லணும்.

ஒரு வாரம், பாம்புக்கடியோடு தாமதமாக வந்த ஒரு பையனைக் காப்பாற்ற முடியவில்லை. அவன் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்கலை. வேலையை விட்டுடலாமா என்றுகூடத் தோன்றியது.

அந்த நாட்களில் கையில் இருந்தது இந்த வரிசையின் இரண்டாம் நூல், கோஸ்ட்மேக்கர். அதில் டார்டன் என்று ஒரு வயசான டாக்டர். ஊரில் கிளினிக் வைத்திருந்தவர். அவருடைய கிரகமே அழிந்துபோய், படையோடு வந்துவிட்டவர். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வருகிறது. அங்கே காயம்பட்டுக் கிடப்பவர்கள் வேறு படைப்பிரிவு. இவருடைய ஆட்களை மதிக்காதவர்கள். டார்டன் அவர்களை விட்டு நகர மறுக்கிறார்.

மீதியை நீங்களே படியுங்கள்.

ஆறுதல் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு ரவுண்ட்ஸ் போனேன். வேலையையும் விடவில்லை.

அந்த 54ஐயும் முடித்துவிட்டுத்தான் மற்றது என்று இருந்திருந்தால், டார்டனை இன்னும் சந்தித்திருக்கவே மாட்டேன்.

அதனால் ஐம்பது பக்கம் படியுங்கள். பிடிக்கலையா, கூச்சமே படாமல் மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.