ஆம்லெட் இல்லை தாயி, போர்ட்லெட்

கொஞ்சம் நீளமான பதிவு. கணினிச் சமாச்சாரம் வரும். அதைக் கண்டு ஓடிவிட வேண்டாம், கடைசி வரை வந்தால் ஒரு தாயின் கேள்வி காத்திருக்கிறது.

கோட்டைக் கதவுகளையும் பழைய கோயில் கதவுகளையும் பார்த்திருப்பீர்கள். பெரிய கதவைத் திறக்காமலே ஆள் குனிந்து நுழைய அதற்குள்ளேயே ஒரு சின்னக் கதவு இருக்கும். அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். 'போர்ட்லெட்' என்ற சொல் காதில் விழுந்தபோது எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வந்தது. 'போர்ட்டா' என்றால் லத்தீனில் வாசல், அதிலிருந்து போர்ட்டல். புக்லெட், டிராப்லெட்டில் வருகிற 'லெட்' சின்னதைக் குறிக்கும் ஒட்டு. ஆக, குட்டி வாசல். தமிழ் வாத்தியாருக்கு இப்படிப் பிரித்துப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது. ஆனால் சொல்லுக்குத்தான் அந்தப் பொருத்தம். பொருள் வேறு. அது நுழைகிற வாசல் இல்லை, நுழைந்த பிறகு கண்ணில் படுகிற கடை. சொல்கிறேன்.

அந்தச் சொல்லை என் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பூக்காரத் தாய். அருப்புக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு கிராமம். சொந்தத் தோட்டம் இல்லை, கூலிக்கு மல்லி பறிப்பவர். மொட்டு விரிவதற்குள் பறித்தால்தான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலை என்பதால் விடியற்காலையிலேயே தோட்டத்தில் நிற்க வேண்டிய வேலை. கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகள் என்னிடம் படித்தவள், அரசுப் பள்ளி, பிறகு பி.சி.ஏ. இப்போது மதுரையிலேயே ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. நிறுவனத்தின் பெயர் நமக்கு வேண்டாம்.

அந்த அம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்டது இது: "ஐயா, எம்மக என்ன வேலைதான் பாக்குது? மத்தியானம் போகுது, ராத்திரி பதினொன்றரைக்கு கம்பெனி காருல வந்து எறங்குது. கேட்டா ஏதோ ஆம்லெட் போடுறேங்குது. ஓட்டல்லயா வேலை?"

என் வீட்டம்மா உள்ளேயிருந்து சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. கேள்விக்குப் பின்னால் வேறு விஷயம் இருந்தது. பிள்ளையின் பெரியப்பா ஒரு முடிவோடு இருக்கிறார். ராத்திரி வேலை ஊர் வாய்க்கு ஆகாது, நிறுத்தச் சொல்லு, மாப்பிள்ளை பார்த்தாச்சு என்கிறார். அதே பெரியப்பாவிடம்தான் பிள்ளையின் சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு இருக்கிறது. அந்த அம்மாவின் கணக்குக் கார்டும் அவரிடமே. பூக்கூலி, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், எல்லாம் அந்தக் கணக்கில். "ஆம்பளத் துணை இல்லாத வீடு, அவருதான் பாத்துக்கிறாரு" என்று ரொம்ப நன்றியோடு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

வந்தாள். "ஆபீஸ் ஸ்கிரீனைக் காட்டினா வேலை போயிரும் ஐயா. ஆனா அதே மாதிரி ஒண்ணு என் லேப்டாப்ல இருக்கு" என்று லைஃப்ரே என்கிற மென்பொருளின் இலவசப் பதிப்பைத் திறந்தாள். முதலில் ஒரு கறுப்புச் சன்னல். அதில் எறும்பு ஊர்வது மாதிரி எழுத்துகள் சில நிமிடம் ஓடிக்கொண்டே இருந்தன. "அடுப்புப் பத்தவே இவ்வளவு நேரமா?" என்றார் அம்மா. டாம்கேட் என்ற சர்வர் எழுந்திருக்கிறது என்றாள் மகள். பிறகு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று அடித்ததும் ஒரு வெற்றுப் பக்கம் வந்தது.

"இந்தப் பக்கம் புது மண்டபம்னு வச்சுக்கங்க" என்று நான் ஆரம்பித்து வைத்தேன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். நம் தலைமுறைக்கு அது கடைவீதி. தூணுக்குத் தூண் ஒரு கடை. வளையல், பாத்திரம், பாடப்புத்தகம், துணி, வரிசையாகத் தையல் மிஷின்கள். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன என்றாலும் மனசில் மண்டபம் என்றால் அந்த மிஷின் சத்தம்தான். மண்டபத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர். அவர் தருவது இடம், கூரை, வெளிச்சம், வாசல் காவல். கடைக்காரர்கள் வேறு வேறு ஆட்கள். வளையல்காரருக்குத் தையல் தெரிய வேண்டாம்.

போர்ட்டல் அந்த மண்டபம். போர்ட்லெட் ஒவ்வொரு கடை. ஒரு பெரிய நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் காலையில் ஒரே பக்கத்தைத் திறக்கிறார்கள். அதில் விடுப்புக் கணக்கு ஒரு பெட்டி, சம்பளச் சீட்டு ஒரு பெட்டி, அறிவிப்பு ஒரு பெட்டி. ஒவ்வொன்றும் தனித்தனி நிரல், தனித்தனி ஆட்கள் எழுதியது. எந்தத் தூணுக்கு இடையில் எந்தக் கடை, யாருக்குத் திறக்க வேண்டும், யாருக்கு மூட வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பது நம் பிள்ளையின் வேலை. 2013 நவம்பர் வரை இருந்த ஐகூகுள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். கடிகாரம், வானிலை, செய்தி என்று பெட்டி பெட்டியாக நாமே அடுக்கிக்கொள்வோமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

ஆரம்பத்தில் ஒரு கம்பெனி மண்டபத்துக்குச் செய்த கடை இன்னொரு கம்பெனி மண்டபத்தில் பொருந்தாதாம். தூண் அளவு வேறு. 2003இல் ஜே.எஸ்.ஆர். 168 என்று ஒரு பொது அளவு வந்தது. ஜாவா மொழியில் எழுதும் போர்ட்லெட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதி அது. பெட்டி சாதாரணமாக இருக்கலாம், சுருங்கலாம், பக்கம் முழுக்க விரியலாம். பார்க்கும் நிலை, திருத்தும் நிலை, உதவி நிலை என்று மூன்று. இப்படி. 2008இல் அடுத்த பதிப்பு, ஜே.எஸ்.ஆர். 286. அதில்தான் ஒரு கடை அடுத்த கடைக்குச் சேதி சொல்ல முறையான வழி வந்தது. துணிக்கடையில் இரண்டரை மீட்டர் வெட்டினால் பக்கத்துத் தையல்காரருக்குத் தானாகவே தெரிவது மாதிரி.

இன்னொன்றும் சொன்னாள், எனக்குப் பிடித்துப்போனது. ஒரு பெட்டியில் நாம் பொத்தானை அமுக்கினால் அந்தப் பெட்டியின் வேலை முடிந்ததும் பக்கத்தில் உள்ள எல்லாப் பெட்டிகளும் தங்களைத் திரும்ப வரைந்து காட்ட வேண்டும் என்பது அடிப்படை முறை. ஒரு கடையில் வளையல் விற்றால் மண்டபம் முழுக்க சரக்கை எடுத்து மறுபடி அடுக்குகிற கதை. அதனால் ஒரு பெட்டி சோம்பேறியாக இருந்தால் பக்கமே தாமதமாகும். அதற்கு, 'இத்தனை வினாடி வரை பழைய சரக்கையே காட்டு' என்று அமைப்புக் கோப்பில் எண் எழுதி வைக்கிறார்கள். விடுப்புக் கணக்குக்கு அது சரி. விலை நிலவரத்துக்கு வைத்தால் வம்பு.

நடுவில் மதுரைச் சங்கதி ஒன்று. இந்தத் துறையில் பெரிய மண்டபங்களில் ஒன்று ஐ.பி.எம். நிறுவனத்தின் வெப்ஸ்பியர் போர்ட்டல். 2019இல் அதை வேறு சில மென்பொருள்களோடு சேர்த்து எச்.சி.எல். வாங்கிவிட்டது. எச்.சி.எல்.லைத் தொடங்கியவர்களில் முதல்வரான சிவ் நாடார் நம்ம அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். இலந்தைக்குளத்தில் அந்த நிறுவனத்துக்கு வளாகம் உண்டு. கல்லூரி வாசலைத் தாண்டிப் போகும்போது இதை நினைத்துக்கொள்வேன். நம் பிள்ளை இருப்பது அங்கே இல்லை, வேறு இடம். ஊர்ப் பெருமையை விட மனசில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் அந்த அம்மாவுக்கு எவ்வளவு ஏறியது என்று தெரியவில்லை. மகள்தான் சுதாரித்தாள். "அம்மா, உனக்கே ஒரு பக்கம் போடுறேன் பாரு" என்றாள். மூன்று பெட்டிகளை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். முதல் பெட்டியில் மல்லி விலை என்று எழுதினாள். இரண்டாவதில் ஊர்த் திருவிழா அறிவிப்பு. மூன்றாவதில் 'என் சம்பளம்' என்று எழுதி ஒரு தொகையைப் போட்டாள்.

பிறகு மூன்றாவது பெட்டியின் ஓரத்தில் அமுக்கி அனுமதிப் பட்டியலைத் திறந்தாள். இடப்பக்கம் ஆட்களின் வகை, மேலே அவர்கள் செய்யக்கூடியது: பார்க்கலாமா, மாற்றலாமா, அடுத்தவருக்கு அனுமதி தரலாமா. பெட்டியை வைத்த உடனேயே 'விருந்தினர் பார்க்கலாம்' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. விருந்தினர் என்றால் பெயர்கூடச் சொல்லாமல் வருகிற யாரும். "இதை எடுக்க மறந்தாத்தான் ஐயா வினையே. போன மாசம் ஒரு பெட்டில இது அப்படியே இருந்துச்சு. ராத்திரி பத்து மணிக்கு நான்தான் பார்த்தேன். பார்த்து எடுத்துட்டு, மத்த எல்லாப் பெட்டியையும் ஒண்ணொண்ணாத் திறந்து பார்த்துட்டு வர்றதுக்கு ஒண்ணரை ஆயிருச்சு. அன்னிக்குத்தான் பெரியப்பா வாசல்ல நின்னு கத்துனாரு."

நம்மில் பலர் எமிஸ் தளத்தில் மல்லுக்கட்டியவர்கள். தலைமை ஆசிரியர் நுழைந்தால் ஒரு திரை, வகுப்பாசிரியர் நுழைந்தால் வேறு திரை. எங்கோ ஒருவர் உட்கார்ந்து இந்த டிக்குகளை எடுத்தும் போட்டும் வைத்ததால் அப்படி வருகிறது என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை.

மகள் விருந்தினர் டிக்கை எடுத்தாள். உறுப்பினர் டிக்கையும் எடுத்தாள். 'அம்மா' என்று புதிதாக ஒரு வகை உண்டாக்கி அதற்கு மட்டும் டிக் போட்டாள். 'பெரியப்பா' என்று ஒரு பயனரையும் உருவாக்கினாள்.

அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். "அப்ப பெரியப்பா வந்தா இந்த மூணாவது தெரியாதா?"

"தெரியாதும்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "அது இல்லவே இல்லேன்னு காட்டுமா? இல்ல, இருக்கு, ஆனா உனக்கில்லேன்னு காட்டுமா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயா, இதைத்தான் எங்க ஆபீஸ்ல ரெண்டு நாளா உக்காந்து பேசுனோம்" என்றாள்.

உண்மையிலேயே அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. அதில் 'ட்ரூ' என்று போட்டால், அனுமதி இல்லாதவர் வரும்போது பெட்டி இருக்கும், உள்ளே 'உங்களுக்கு இதைப் பார்க்க அனுமதி இல்லை' என்று வரும். 'ஃபால்ஸ்' என்று போட்டால் பெட்டி இருந்த சுவடே தெரியாது. இரண்டிலும் நியாயம் உண்டு. மறைத்துவிட்டால் வம்பு இல்லை, கேள்வியும் வராது. காட்டினால், தனக்கு மறுக்கப்பட்டது ஒன்று இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். அவன் வந்து கேட்பான். கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

"உனக்கு எப்படிம்மா வேணும்?" என்றாள் மகள்.

அந்த அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார். நான் மறைக்கத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அந்த வீட்டு நிலவரத்துக்கு அதுதான் பத்திரம்.

"தெரியட்டும். இருக்கு, உனக்கில்லேன்னே காட்டு."

அந்த வரியை மாற்றினால் சர்வரை நிறுத்தித் திரும்ப எழுப்ப வேண்டுமாம். மறுபடி அடுப்புப் பத்தியது, மறுபடி எறும்புகள் ஓடின. வீட்டம்மா அதற்குள் காப்பி போட்டுவிட்டார். பெரியப்பா பெயரில் நுழைந்து காட்டினாள். இரண்டு பெட்டிகளில் எழுத்து, மூன்றாவதில் அனுமதி இல்லை என்ற அறிவிப்பு. அம்மா பெயரில் நுழைந்தால் மூன்றும்.

"அப்ப எல்லாத்தையும் பாக்குறது யாரு?" என்று கடைசியாக ஒரு கேள்வி.

"நான்தாம்மா. அட்மின்."

"அதான பாத்தேன்" என்று முதன்முறையாகச் சிரித்தார்.

அடுத்த வாரம் அந்த அம்மா பெரியப்பா வீட்டுக்குப் போய் இரண்டு கார்டுகளையும் கேட்டிருக்கிறார். மகளைக் கூட்டிப்போகவில்லை, என்னையும் அழைக்கவில்லை. எளிதில் நடக்கவில்லை. பத்து நாள் இழுத்தடித்தார், வாத்தியார் பிள்ளையைக் கெடுத்துவிட்டார் என்று டீக்கடையில் பேசினார், குலசாமி கும்பிடுக்கு இவர்கள் வீட்டைக் கூப்பிடாமல் விட்டார். கார்டுகள் வந்துவிட்டன. ரகசிய எண்ணை அன்றே மாற்றிவிட்டார்கள். மாப்பிள்ளை பேச்சுக்கு, பிள்ளை சொல்லும்போது பார்க்கலாம் என்று பதில் போயிருக்கிறது. உறவு இன்னும் சரியாகவில்லை. அது அந்த அம்மாவுக்கு வருத்தம்தான்.

வேலை தொடர்கிறது. மத்தியானம் போய் ராத்திரி வருகிறாள். பழைய மண்டபங்களைக் கழற்றிப் புது மாதிரியில் கட்டச் சொல்லும் வாடிக்கையாளர்கள் அதிகமாகிவிட்டார்களாம். அதற்கு வேண்டிய புதுப் பாடத்தை இப்போது காலையில், அம்மா பூப்பறித்துத் திரும்புவதற்குள் படிக்கிறாள். ஊரில் யாராவது மகள் என்ன வேலை என்று கேட்டால், "மண்டபத்துல யாருக்கு எந்தக் கடை தெரியணும்னு முடிவு பண்ற வேலை" என்கிறாராம்.