பக்கி வாங்கிய கதை

வட சென்னையில் ஒருவனைப் பார்த்து "பக்கி" என்றால் திட்டுவதாகத்தான் அர்த்தம். அதனால் திருவொற்றியூரில் ஒரு பாலிடெக்னிக் மாணவன் வீட்டுக்குள் நுழைந்து, "அம்மா, பக்கி ஒண்ணு வாங்கப் போறேன்" என்று சொன்னதும் அம்மா கேட்டது இதுதான்: "ஏன்டா, வூட்ல ஒண்ணு இருக்கறது பத்தாதா?" :-)

அவன் சொன்ன பக்கி வேறு. ரேடியோ கன்ட்ரோலில் ஓடும் ரேஸ் கார். மண்ணிலும் மணலிலும் ஓடுவதற்கென்றே செய்த, எடை குறைந்த வண்டியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் இது. ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. கையில் துப்பாக்கி மாதிரி ஒரு ரிமோட். விசையை அமுக்கினால் வேகம், பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் திருப்பம். அதிலும் அவனுக்கு வேண்டியது நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ்.

கையில் இருந்தது 15,000 ரூபாய். கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் மாலை நேரங்களில் கணக்கு எழுதி, ஆறு மாதம் சேர்த்த பணம். இரண்டாவது முறை ஏமாற அதில் இடம் இல்லை.

ஆமாம், ஏற்கனவே ஒரு முறை ஏமாந்திருந்தான். பிளஸ் ஒன் படிக்கும்போது பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய கார். அட்டைப் பெட்டியில் பாறை மேல் ஏறுகிற படமெல்லாம் போட்டிருந்தது. மூன்றே ஞாயிற்றுக்கிழமைகள் ஓடியது. நான்காவது வாரம் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் இரண்டு பல் போய்விட்டது. கடைக்கு எடுத்துப் போனால், "இதுக்கெல்லாம் ஸ்பேர் வராது தம்பி, புதுசா ஒண்ணு எடுத்துக்க" என்றார்கள். இரண்டு பல்லுக்காக ஒரு முழு கார் பீரோ மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. அவன் அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். எதுவும் சொல்ல மாட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும் அவனுக்கு.

இந்த முறை ஒழுங்காக ஆராய்ச்சி செய்தான். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, கார் பெயர், வேகம், மோட்டார், பேட்டரி, விலை என்று எழுதினான். பட்டியலில் முதல் இடம் பிரஷ்லெஸ் மோட்டார் போட்ட ஒரு வண்டிக்கு. மணிக்கு 70 கிலோமீட்டர் என்று விளம்பரம். நோட்டை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனான்.

மாமா லேத் பட்டறைக்காரர். அந்த ஊருக்கு அது புதிதல்ல. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் 1955-லிருந்து என்ஃபீல்ட் என்று வண்டி செய்தே வளர்ந்த பகுதி அது. சுற்றிலும் கடைசல் பிடிக்கும் சின்னப் பட்டறைகள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை மேலிருந்து கீழே பார்த்தார்.

"எல்லாம் எழுதிக்கிற. ஒரு கட்டம் மட்டும் காணோமே."

"எது மாமா?"

"ஒடைஞ்சா எங்க போவேன்னு ஒரு கட்டம்."

அவனிடம் பதில் இல்லை. உண்மையில் ஆராய்ச்சி அங்கேதான் ஆரம்பித்தது.

நான்கு சக்கரம் எதற்கு?

பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற வண்டியில், பொலபொலவென்ற மண்ணில் விசையைக் கொஞ்சம் அதிகமாக அமுக்கினால் வால் சுற்றிவிடும். நான்கும் இழுத்தால் முன்சக்கரங்கள் வண்டியின் மூக்கைப் பிடித்து நேராகக் கூட்டிப் போகும். அசோக் லேலண்டின் ஸ்டாலியன் ராணுவ லாரி சேற்றில் இறங்கி ஏறுவதும் இதே கணக்கில்தான்.

ஆனால் இது இலவசமாகக் கிடைப்பதில்லை. முன்பக்கமும் ஒரு டிஃபரன்ஷியல் வேண்டும், இரண்டு டிரைவ் ஷாஃப்ட் வேண்டும், மோட்டாரின் சக்தியை முன்னால் கொண்டுபோக ஏதாவது ஒரு வழி வேண்டும். எடை கூடும். உடைவதற்கான பாகங்களும் கூடும்.

அந்த "ஏதாவது ஒரு வழி" என்ன என்பதில்தான் கம்பெனிகள் மோதிக்கொண்டன. 1985-ல் ஜப்பானின் தமியா தன் முதல் ஃபோர் வீல் டிரைவ் பக்கியான ஹாட்ஷாட்டை ஷாஃப்ட் வைத்துச் செய்தது. அதே காலத்தில் கியோஷோவின் ஆப்டிமா சைக்கிள் மாதிரி செயின் போட்டு வந்தது. இங்கிலாந்தின் ஷூமாக்கர் கம்பெனி, கேட் என்ற வண்டியில் ரப்பர் பெல்ட் போட்டது. 1987-ல் இங்கிலாந்தின் ராம்சியில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் மசாமி ஹிரோசாகா அந்தக் கேட்டை ஓட்டித்தான் ஃபோர் வீல் டிரைவ் பட்டத்தை வென்றார்.

அப்படியானால் பெல்ட்தானே நல்லது? அவனும் அப்படித்தான் கேட்டான்.

"அங்க இன்னா தரைடா?" என்றார் மாமா.

எந்தத் தரை?

இந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரம் பெரும்பாலும் கடல் அரிப்புக்குப் போட்ட கருங்கல்தான். நடுநடுவே கொஞ்சம் மணல். நண்பர்கள் நான்கைந்து பேர் ஞாயிறு காலையில் வண்டி விடுவது எண்ணூர்ப் பக்கம் ஒரு காலி மைதானத்தில், பழைய லாரி டயர்களை வரிசையாக வைத்து. கீழே பொடி மண்ணும் சரளையும். காற்றில் உப்பு. பக்கத்துச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி வேறு.

பெல்ட் லேசானது, சத்தம் குறைவு. ஆனால் பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கல் மாட்டினால் போதும், கதை முடிந்தது. நன்றாக மூடிய ஷாஃப்ட் வண்டிக்கு அந்தப் பயம் குறைவு. அவன் பட்டியலில் பெல்ட் வண்டிகள் அன்றே அடிபட்டன.

அடுத்தது பேரிங். சக்கரம், டிஃபரன்ஷியல், ஷாஃப்ட் என்று எல்லாம் சுற்றுவது பேரிங்கில். கடலோர ஊரில் முதலில் சாவதும் அதுதான். ஈர மணலில் ஒரு நாள் ஓட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால், அடுத்த வாரம் கையில் சுற்றும்போதே கரகர என்று சத்தம் கேட்கும். தகடு மூடிய பேரிங்கைவிட ரப்பர் சீல் வைத்தது கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். அலை நனைக்கிற இடத்தில் ஓட்டாமல் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

மோட்டாரும் பேட்டரியும்

70 கிலோமீட்டர் வேகம் விளம்பரத்துக்கு நல்லது. டயர் வரிசைக்கு நடுவே அந்த மைதானத்தின் நீளமான நேர்கோடே முப்பது அடிதான். அங்கே அந்த வேகத்தைத் தொடுவதற்குள் சுவர் வந்துவிடும்! சாதாரண பிரஷ் மோட்டார் மெதுவானது, கார்பன் தேயும். ஆனால் மலிவு, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஓட்டிப் பழகுகிறவனுக்கு அது போதும். பிற்பாடு பிரஷ்லெஸ்ஸுக்கு மாறவும் முடியும்.

பேட்டரியில் மட்டும் விளையாடக் கூடாது. லிபோ பேட்டரி ஒரு செல் 3.7 வோல்ட். முழுதாக ஏற்றினால் 4.2. இரண்டு செல் பேக் என்றால் 8.4 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். ஓட்டும்போது ஒரு செல் ஏறக்குறைய 3.2-க்குக் கீழே போகவிடக் கூடாது. கண்ட சார்ஜரில் போட்டாலும், உப்பிப்போன பேட்டரியை "இன்னொரு வாரம் ஓடும்" என்று வைத்துக்கொண்டாலும் தீப்பிடிக்கும். மெத்தை மேலே சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டாவது தடவை படிக்கவும். அவன் 15,000-த்தில் நல்ல பேலன்ஸ் சார்ஜருக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வைத்தான்.

ஸ்பேர் என்கிற கட்டம்

ஒரு காலத்தில் வெளிநாட்டுத் தளங்களில் ஆர்டர் போட்டால் சின்னப் பார்சல்கள் "கிஃப்ட்" என்ற பெயரில் வந்து சேர்ந்தன. 2019 டிசம்பரில் அந்த வழி அடைபட்டது. 2020-ல் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2023-ல் வரி 70 சதவீதம். கார் சுங்கத்தில் பொம்மைக் கணக்கில் விழுந்தால் அவ்வளவுதான். ஆக, "வாங்கும்போது என்ன விலை" என்பதைவிட "இரண்டாவது மாதம் கை உடைந்தால் எந்த ஊரிலிருந்து வரும்" என்பதே பெரிய கேள்வி.

அந்த இடத்தில் மாமா ஒரு பழைய கதை சொன்னார். வாலிபத்தில் அவர் சோழவரத்தில் ரேஸ் பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வருவதற்கு முன் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன.

"கோயம்புத்தூர்ல கரிவரதன்னு ஒருத்தர் இருந்தார்டா. ஃபார்முலா மாருதின்னு ரேஸ் கார் பண்ணாரு. இஞ்சின் இன்னான்ற? மாருதி 800."

"நம்ம வாடகைக் கார் மாருதியா மாமா?"

"அதேதான். ஸ்பேர் தெருவுக்குத் தெரு கெடைக்கும் பாரு."

இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்கு முதலில் போன நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியைத்தான்.

கடைசியில் எது?

அவன் வாங்கியது எச்எஸ்பி 94107. சீன வண்டி, ஷாஃப்ட் டிரைவ், பிரஷ் மோட்டார். அதுவும் பெங்களூரில் ஒருவர் ஓட்டிய பழைய வண்டி. பெரிய பேர் இல்லை. ஆனால் இதே வடிவ வண்டி வேறு வேறு பெயர்களில் பல நாடுகளில் விற்றிருக்கிறது. பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். வாங்கும்போதே ஒரு டப்பா நிறைய உதிரி பாகங்களும் வந்தன. சார்ஜருக்கு எடுத்தது போக மிச்சம் 3,000 ரூபாய் கையில் நின்றது. அதைத் தொடக் கூடாது, ஸ்பேருக்கு மட்டும் என்று மாமா கண்டிஷன் போட்டார்.

வண்டி வந்த அன்றே மாமா அதைக் கழற்றினார். வெர்னியரை வைத்து ஒரு பேரிங்கை அளந்தார். உள்ளே 10, வெளியே 15, கனம் 4 மி.மீ. "இது 6700டா. பாரிஸ்ல பேரிங் கடையில நம்பர் சொல்லிக் கேளு, குடுப்பான்" என்றார். கப்பலில் வர வேண்டியது பஸ்ஸில் போய் வாங்குகிற பொருளாகிவிட்டது.

முதல் ஞாயிறு. மூன்றாவது சுற்றில் வண்டி லாரி டயரில் மோதி முன்பக்கக் கை முறிந்தது. அவனுக்கு வயிற்றைக் கலக்கியது. பீரோதான் கண்முன் வந்தது. அப்புறம் டப்பா ஞாபகம் வந்தது. தரையிலேயே உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் மாற்றினான். அன்றைக்குக் கடைசிக்கு முந்தின இடம். 70 கிலோமீட்டர் வண்டி வைத்திருந்த நண்பன் இரண்டாவது பந்தயத்தில் ஒரு கியர் போய், ஸ்பேர் இல்லாமல் மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

சாயங்காலம் அப்பா வாசலில் நின்று கேட்டார்: "ஒடைஞ்சிச்சாமே?"

"ஆமா நைனா. மாத்திட்டேன்."

"ம்." அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரி பீரோ மேலே இருந்த பழைய கார் கீழே இறங்கியிருந்தது. மாமாவிடம் கொடுத்து அந்த இரண்டு பல்லுக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்கச் சொன்னார்.

வாங்கப் போகிறவர்கள் நோட்டில் போட வேண்டிய கட்டங்கள், வரிசையாக:

1. எந்தத் தரையில் ஓடப் போகிறது?
2. உடைந்தால் பாகம் எங்கே கிடைக்கும்?
3. கழற்றி மாட்ட நம்மால் முடியுமா?
4. சார்ஜருக்கும் ஸ்பேருக்கும் பணம் மிச்சம் இருக்கிறதா?
5. வேகம் எவ்வளவு?

ஐந்தாவதை முதலில் எழுதியவர்களுக்கு வீட்டில் ஒரு பீரோ இருந்தால் நல்லது.