கங்காவும் மளிகைக் கணக்கும்

கௌபாய் பட போஸ்டர் சேர்க்கறேன்னு சொன்னா, "க்ளின்ட் ஈஸ்ட்வுட்டா?"ங்கறாங்க. இல்லீங்க, நான் தேடறது நம்ம ஜெய்சங்கரை! இயக்குநர் கர்ணன் எடுத்த 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா', 'ஜக்கம்மா' (ரெண்டும் 1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975). தொப்பி, துப்பாக்கி, குதிரை எல்லாம் உண்டு. ராயப்பேட்டை பைலட் தியேட்டர்ல இங்கிலீஷ் கௌபாய் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனாலும் தமிழ் பேசற கௌபாய் மேலதான் பைத்தியம்.

போஸ்டர் கிடைக்கறதுதான் குதிரைக்கொம்பு. சுவத்துல பசை தடவி ஒட்டினதை உரிக்க முடியாது. அடுத்த வாரம் அது மேலயே வேற படம். ஒட்டாம மிஞ்சினது எங்கியாவது பொட்டலமாவோ நோட்டு அட்டையாவோ போயிருக்கும்.

அப்படி ஒரு அட்டை என் வீட்டுப் பரண்லயே இருந்துது! அப்பாவோட மளிகைக் கணக்கு நோட்டு. பிரிச்சுப் பார்த்தா உள்பக்கம் 'ங்கா'ன்னு பெரிய எழுத்து, பாதித் தொப்பி, ஒரு குதிரைக் காது. கை நடுங்கிடுச்சு. வெளிப்பக்க வெள்ளையில அப்பா கையெழுத்து: 'து.பருப்பு பாக்கி 4 ரூ.'

ஃப்ரேம் கடைக்காரர் கேட்டார், "எந்தப் பக்கம் சார் வெளிய தெரியணும்? இன்னொண்ணு அட்டையில ஒட்டிடும்."

முழிச்சேன். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமா படிச்சாங்க.

"அந்த நாலு ரூபா நான்தான்டா கட்டினேன். உங்கப்பா மறந்தே போயிட்டார்."

ஃப்ரேம் போடல. பழைய மடிப்புலயே மடிச்சு, அதே நோட்டுக்குத் திரும்பவும் அட்டையா போட்டுட்டேன்.