பத்துக் கால்

2019 இரண்டாம் தவணைப் பரீட்சையில், தரம் 7 விஞ்ஞான வினாத்தாளில் ‘சிலந்தியொன்றை வரைந்து பாகங்களைப் பெயரிடுக’ என்று கேட்டிருந்தேன். ஒரு பொடியன் பத்துக் கால் போட்டு, வயிற்றை வளையம் வளையமாக வரைந்திருந்தான். சிவப்புப் பேனையால் பிழை போட்டு, ஓரத்தில் ‘எட்டு!’ என்று எழுதினேன். ஆசிரியர் கலாசாலையில் எழுதிய குறிப்பு அப்படித்தான் சொன்னது. அந்த ஆச்சரியக்குறி இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

மறுநாள் உம்மாவின் போனைக் கொண்டுவந்தான். வாப்பா சவூதியில் சாரதி. தங்குமிடத்துக்குள் புகுந்த ஒன்றைச் செருப்பால் அடித்துப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

“எண்ணிப் பாருங்க சேர்.”

எண்ணினேன். பத்துத்தான்.

தேடி வாசித்த பிறகுதான் விளங்கியது, அவனும் முழுக்கச் சரியில்லை, நானும் முழுக்கச் சரியில்லை. அது சூரியச் சிலந்தி. ஒட்டகச் சிலந்தி என்றும் சொல்வார்கள். பெயரில்தான் சிலந்தி. வலை பின்னாத, தனி வருணம். கால் எட்டுத்தான், முன்னால் கால்போல நீள்பவை தடவி உணரவும் இரை பிடிக்கவும் உதவும் ஒரு சோடி உறுப்புகள். நுனியில் பசைபோல ஒட்டும் பகுதி இருப்பதால் வழுக்கும் பரப்பிலும் ஏறும். ஒட்டகத்தின் வயிற்றைத் தின்னும் என்பது வெறுங்கதை. அதை நம்பித்தான் அந்த மனிதரும் செருப்பைத் தூக்கியிருக்கிறார்.

“இதுட சரியான பேரென்ன சேர்?”

இந்தக் கேள்விதான் என்னைப் பல மாதம் இழுத்துச் சென்றது. அறியப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 1,200. ஜெர்மனியரான ரோவேர் 1930களில் எழுதிய பெருநூலில், தாடைப் பற்களையும் கால்முட்களையும் பெரிதும் நம்பி இவற்றை வகைப்படுத்தினார். ஆனால் மண் தோண்டியும் இரை கடித்தும் பல் தேயும். ஒரே இனத்திலேயே ஒன்றின் பல் மற்றதன் பல்போல இராது. தேய்ந்த பல்லை வைத்துப் புதிய இனமென்று பெயர் சூட்டினால் என்னாவது? பின்வந்தோர் அவர் முறையைக் குறை கண்டது இதனால்தான். (நானும் ஓரிரு பல்லைப் பார்த்துப் புள்ளி போடுகிறவன்தானே.) 2015இல் பேர்ட், வார்ட்டன், பிரெண்டினி மூவரும் இந்தத் தாடையைப் பற்றி மட்டும் முந்நூறு பக்கத்துக்கு மேல் எழுதினார்கள். எந்தப் பல்லை எந்தப் பல்லோடு ஒப்பிடுவது என்பதைத் தீர்ப்பதே அதில் பெரும் பாடு.

புதியவையும் வந்துகொண்டே இருக்கின்றன. 2004இல் ப்ரூக்ஹார்ட், குஷிங் இருவரும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து கோரல் பிங்க் மணல்மேடுகளின் பெயரைச் சுருக்கி, ஓர் இனத்துக்கு எரிமோபேட்டஸ் கோர்பிங்க் என்று பெயரிட்டார்கள்.

படத்தை மட்டும் வைத்து இனம் சொல்ல ஏலாது. வளர்ந்த ஆணாக இருந்து, தாடையை நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்தால்தான் ஏதும் சொல்லலாம். எங்களிடமிருந்த தாடையோ செருப்புக்கடியில் நசுங்கிப் போயிருந்தது. அரேபியாவில் காணப்படும் கலியோட்ஸ் சாதியாக இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் என் பிழையைச் சொன்னேன். கேட்டது சிலந்தி, அவன் வரைந்தது வேறொன்று. ஆனாலும் பாதிப் புள்ளி போட்டேன். கூடவா குறைவா என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த தவணையில் இன்னொரு படம் வந்தது. போத்தலுக்குள் உயிரோடு ஒன்று. படமெடுத்துவிட்டு வெளியே விட்டுவிட்டாராம். நானும் பொடியனும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பல் தெரியவில்லை.